இடுகாட்டில் ஒரு லியாவ்கூட இல்லை

ஹுவாலியன்,
சிங்மிங் கழிந்த நான்காம் நாள்

அன்பு மகள் ஆ-ஷானுக்கு,

அப்பாவும் அம்மாவும் இங்கே நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம், கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியில் நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்குவாள், உன் காதில் உருப்படியாக ஒன்றும் விழாது. அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிடைத்துவிட்டது! கம்ப்யூட்டரில் நீ வரைந்த வம்ச மரத்தில் என் அப்பாவுக்கு மேலே கேள்விக்குறி போட்டு ஒரு கட்டம் வைத்திருந்தாயே, அந்தக் கேள்விக்குறியை இன்றைக்கே அழித்துவிடு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வயதினால் இல்லை, சந்தோஷத்தினால்.

உன் தாத்தா லியாவ் ஷுய்-ஷெங் மேற்கே ஷிலுவோ பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், மலைச்சாலை போடும் வேலையில் கல் சரிந்து இறந்தார் என்பது வரை உனக்குத் தெரியும். மீதியை உனக்கு இதுவரை சொல்லவில்லை, யுவே-ஷியா அத்தை என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்பா இறந்தபோது நான் தவழ்கிற பிள்ளை, அக்கா யுவே-ஷியா விவரம் தெரிந்த சிறுமி. அவள்தான் கடைசிவரை அவர் பக்கத்தில் இருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லுல ஜாங்னு வெட்டச் சொல்லு, லியாவ்னு வெட்டாதீங்க" என்றாராம். ஏன் என்று சொல்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. நீயே யோசித்துப் பார், எங்கிருந்தோ தனியாக வந்த மனிதன் சாகும்போது தன் குடும்பப் பெயரை மாற்றிச் சொன்னால் ஜனம் என்ன பேசும்? நாலு திசையிலிருந்தும் வந்து சேர்ந்த கூலிக்கூட்டம் அது. ஒருத்தன் "எங்கயோ கொலை பண்ணிட்டு ஓடி வந்திருப்பான்" என்றான், இன்னொருத்தன் "அங்க ஒரு பொண்டாட்டி இருப்பா, போய்ப் பாருங்க" என்றான். என் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு லியாவ் என்றே கல்லில் வெட்டச் சொன்னாள், அதன் பிறகு சாகும்வரை அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா தன் அப்பா பொய்யர் என்றே முடிவு கட்டிவிட்டாள். ஒவ்வொரு சிங்மிங் கல்லறைத் திருநாளிலும் வந்து கல்லறையில் புல்லைப் பிடுங்குவாள், ஊதுபத்தி மட்டும் ஏற்ற மாட்டாள். சிறுவயதில் அது ஏன் என்று கேட்டு அவளிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

இப்போது அடுத்த மாதம் அவளுக்கு இதய ஆபரேஷன். இந்த வயதில் எதுவும் உறுதி இல்லை என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அவளுக்கு ஏதாவது ஆவதற்குள் உண்மை தெரிந்தாக வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அதற்கு முன்பே இரண்டு வருஷமாக நாங்கள் முட்டாத சுவர் இல்லை. பதிவு அலுவலகத்தில் ஊர்ப் பெயருக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. நீ அனுப்பிய டி.என்.ஏ. சோதனைக் குழாயில் எச்சில் துப்பி அனுப்பினேன், நான் இந்தத் தீவுக்காரன்தான் என்று பதில் வந்தது, அதை உன் அம்மாவே சும்மா சொல்லியிருப்பாள். போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் சிங்மிங்குக்கு இங்கே அப்பா கல்லறை வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து ஷிலுவோ போனோம், இடுகாட்டில் ஆள் அரவமே இல்லை. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஊருக்குள் திரும்பின பக்கமெல்லாம் லியாவ்தான், லியாவ் மளிகை, லியாவ் பல் டாக்டர், லியாவ் சோயா சாஸ். இடுகாட்டுக்குப் போனால் எல்லாக் கல்லிலும் ஜாங், ஜாங், ஜாங். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னங்க, இந்த ஊர் லியாவுங்க சாகறதே இல்லையா?" என்றாள். லியாவ்களுக்கு வேறு இடுகாடு இருக்கும் என்று சுற்றுப்பட்டி முழுக்க அலைந்தோம். கடைகளில் ஷுய்-ஷெங் என்ற பெயரைக் கேட்டுப் பார்த்தேன், இளசுகள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜாங் என்ற பெயரை மட்டும் நான் வாயால் எடுக்கவே இல்லை. யாராவது, "ஓ, அந்தக் கொலைகாரன் பிள்ளையா நீ?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஆயுள் முழுக்கத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்த்தவன் நான், தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் குழாயின் அடியைப் பார் என்று ஊருக்கே சொன்னவன், என் விஷயத்தில் பயந்துகொண்டு மேலேயே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வருஷம் சிங்மிங் அன்றைக்கே நேரே அங்கே போய்விட்டோம். தூறல். இடுகாடு முழுக்க ஜனம், கல்லறை மேலெல்லாம் மஞ்சள் காகிதம், பிள்ளைகள் ஓடுகிறதுகள், ரேடியோ பாடுகிறது. ஒரு குடும்பம் படையல் முடித்துவிட்டு, மெல்லிய ரொட்டியில் காய்கறி சுருட்டித் தின்றுகொண்டிருந்தது. அதில் சூ-மெய் என்று ஓர் அம்மாள், வாய் நிறைய ரொட்டி. அவளிடம் போய், "ஏம்மா, லியாவ் குடும்பத்துக் கல்லறையெல்லாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க நிக்கறதே லியாவ் கல்லறை ஓரத்துலதாண்ணே, முதல்ல காலை எடுங்க" என்றாள். நான் விலகி நின்று, "கல்லுல ஜாங்னு இருக்கே?" என்றேன். "ஆமா, செத்துட்டாருல்ல?" என்றாள், ஏதோ மழை பெய்தால் நனையும் என்று சொல்வது மாதிரி.

ஆ-ஷான், எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவளே சொன்னாள், "ரொம்பப் பழைய காலத்துல ஜாங் வீட்டுப் பிள்ளை ஒருத்தர் லியாவ் வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தாராம். மாமனாருக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. உசிரோட இருக்கிற வரைக்கும் லியாவா இருங்க, சோறு போட்ட வீடு அது, செத்தா ஜாங்கா போங்க, அது நம்ம வேருன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரு. அதுலேர்ந்து நாங்க இப்படித்தான். உங்க வீட்ல யாரும் சொல்லித் தரலியா?" என்று. நான், "எங்கப்பா சொன்னாரும்மா, எங்களுக்குத்தான் புரியல" என்றேன். சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். முன்பின் தெரியாத அந்த அம்மாள் என் கையில் ஒரு ரொட்டிச் சுருளைத் திணித்தாள். அழுதுகொண்டே தின்றேன், வேர்க்கடலைத் தூள் நிறையப் போட்டிருந்தார்கள்.

கல்லறைக் கல்லில் ஓரமாகப் பிள்ளைகளின் பெயர் வெட்டுவார்கள் இல்லையா? இனி ஜாங் கல்லில்தான் ஷுய்-ஷெங்கைத் தேட வேண்டும் என்று உன் அம்மாவுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. சட்டைக் கையாலேயே ஒவ்வொரு கல்லாகத் துடைத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடியிலிருந்து சத்தம், "இங்க வாங்க! போன வருஷம் நீங்க குடையைச் சாத்தி வெச்சு, சோத்துப் பொட்டலம் பிரிச்சீங்களே, அந்தக் கல்லு!" ஓடினேன். என் தாத்தாவின் கல். மூன்றாவது மகன், ஷுய்-ஷெங். என் அப்பனின் பெயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முள்ளங்கி ஊறுகாய் தின்றிருக்கிறேன்.

மத்தியானம் அந்த வீட்டுக்காரர்களே வந்துவிட்டார்கள். என் பெரியப்பா மகன் கைய்-நான், என் வயதுதான், என் காது மாதிரியே விசிறிக் காது. அவர் வெகுநேரம் என் கையை விடவில்லை. "சித்தப்பா செத்த சேதியே எங்களுக்கு வரல. சேதி வராம எப்படி ஜாங்னு எழுதறது? இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்ல அவர் லியாவ் ஷுய்-ஷெங்தான், உசிரோட இருக்கறவர் கணக்குலதான் வெச்சிருக்கோம்" என்றார். பார்த்தாயா மகளே, இங்கே கல்லிலும் லியாவ், அங்கே கணக்கிலும் லியாவ், இரண்டு பக்கமும் அந்த மனிதரைப் போகவே விடவில்லை.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "டேய், இதை அம்மாகிட்ட யாருடா போய்ச் சொல்றது?" என்றாள். ஊர் திரும்பியதும் அவளே கிளம்பிவிட்டாள். மழை ஈரத்தில் வழுக்கும் என்று தடுத்தால் கேட்கவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு கல்லறை வரை ஏறினாள். முதலில் அம்மாவின் கல்லைத் தட்டி, "அம்மா, அவர் பொய் சொல்லல, கேட்டியா? பொய் சொல்லல" என்றாள். பிறகு அப்பாவுக்கு ஊதுபத்தி ஏற்றினாள். ஈரக் காற்றில் தீ பற்றவில்லை, நான் கொளுத்தித் தரப் போனேன், தட்டிவிட்டாள். புதுக் கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது, ஜாங் ஷுய்-ஷெங் என்று. ஆபரேஷனுக்குப் போகிறவள் மாதிரியே இல்லை, கல்வெட்டுகிறவனிடம் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று சண்டை பிடிக்கிறாள்.

நீ காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே, காபி சாப்பாடு ஆகாது என்று அம்மா எழுதச் சொல்கிறாள். கைய்-நான் பெரியப்பா கொடுத்த சோயா சாஸ் இரண்டு பாட்டில் பார்சலில் வருகிறது, உடைந்திருந்தால் என்னைத் திட்டாதே, கட்டியது அம்மா. அத்தைக்கு வாரம் ஒருமுறையாவது போன் பண்ணு, ஆபரேஷனைப் பற்றிக் கேட்காதே, கல்லைப் பற்றிக் கேள், அவளே பேசுவாள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனசும் வாய்க்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. என் நேரம் வரும்போது என் கல்லில் ஜாங் என்று வெட்டச் சொல். மூச்சு போகிற நேரத்தில் சொல்லி உன்னைத் தவிக்கவிடக் கூடாது என்றுதான் காரணத்தோடு இப்போதே எழுதிவிட்டேன். அதுவரைக்கும்,

உன் அப்பா,
லியாவ் மாவ்-லின்