தோணிக்குள் கிடந்த ஜாடி

ஏப். 11, வெள்ளி

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையில் இரண்டு பம்புசெட் விற்றது. ஜும்மா முடிந்து தூத்துக்குடி பஸ். மகள் ரிஸ்வானா ஹாஸ்டல் வாசலில். கடல் படிப்பில் மேற்கொண்டு படிக்க அந்தமானில் இடம் கிடைத்திருக்கிறது. நான் இன்னும் சரி சொல்லவில்லை. சுற்றிலும் கடல், தனியாகப் பெண்பிள்ளை. மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான். தான் செய்கிற வேலையை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லச் சொல்லியிருந்தாள்.

ஏப். 12, சனி

காற்றே இல்லை. ரிஸ்வானாவை வழக்கமாகக் கூட்டிப் போகிற சேவியர் அண்ணாச்சியின் வள்ளத்தில் ஏறினோம். கரை தெரிகிற தூரத்திலேயே பழைய சரக்குத் தோணி ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. இரண்டு ஆள் ஆழம்தான். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். மரச்சட்டமெல்லாம் பாசி, சிப்பி. வரிவரியாக மஞ்சள் மீன்கள். ஒரு கடல் அட்டை. கல் என்று நினைத்தது நண்டு. வாய் நிறைய உப்பு.

அப்புறம் செய்தேன் அந்த வேலையை. எங்கள் கரிசக்காட்டுக் கிணற்றில் முங்கினால், அடியைத் தொட்டதற்குச் சாட்சியாகப் பிடி மண்ணாவது ஓட்டுச்சில்லாவது எடுத்து வர வேண்டும். இல்லாவிட்டால் ஒருத்தனும் நம்ப மாட்டான். மகளுக்குக் காட்ட ஆசை. ஒரே முங்கு. கையில் அகப்பட்டது ஓர் உடைந்த ஜாடி. வழவழவென்று ஏதோ கையை உரசிப் போனது, தண்ணீர் கறுத்தது. மேலே வந்து தூக்கிக் காட்டினேன், பெரிய சாதனை மாதிரி.

ரிஸ்வானா முகம் செத்துப்போனது. ஜாடிக்குள் அரிசியைக் கோத்த மாதிரி முட்டைச் சரம். பேய்க்கணவாய் முட்டையாம், அதுதான் ஆக்டோபஸ். தாய் இரைகூடத் தேடாமல் முட்டையைக் காத்துக் கிடந்ததாம். அதைத்தான் இவள் வாராவாரம் வந்து பார்த்து எழுதுகிறாள்.

திட்டவில்லை. இருந்த இடத்திலேயே வைக்க ஜாடியை வாங்கிக்கொண்டு முங்கினாள். வரவே காணோம். மேலே இருந்த எனக்கு மூச்சு முட்டியது.

"பயப்படாதிய. பாப்பாக்குக் கடல் பழக்கம்" என்றார் அண்ணாச்சி.

கடைசியில் வெறுங்கையோடு ஏறி வந்தாள்.

ஏப். 13, ஞாயிறு

கோவில்பட்டி. புழுக்கம். வீட்டுக்காரி மும்தாஜ் வைத்த பிரியாணி, எனக்கு இறங்கவில்லை. கடலுக்குப் போனவர் மீன் வாங்காமல் வந்திருக்கிறீர்களே என்றாள். ஜாடி விஷயத்தைச் சொல்லவில்லை.

ஏப். 14, திங்கள்

கடை லீவு. மதியம் ரிஸ்வானா போன். காலையில் போய்ப் பார்த்தாளாம்.

"தாய் திரும்பி வரல அத்தா. முட்டையெல்லாம் மீன் தின்னுட்டு."

தப்பு என்னுடையது என்றேன். அந்தமானுக்குப் போ என்றேன்.

"முட்டைக்குப் பதிலா சொல்லுதீங்களா?"

சுருக்கென்றது.

"அதுவுந்தான். ஆனா நீ தண்ணிக்குள்ள இருக்கும்போது நாந்தான் பயந்தேன். நீ பயப்படலட்டி."

அந்தமானுக்குப் போவதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள்.