அவர் எந்தப் பாதி?

மான்மவுத் ஜங்ஷன், அமெரிக்கா,
பொங்கல் கழிந்த ஞாயிறு.

அன்புள்ள தீக்ஷா அப்பாவுக்கு,

செல்வமணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். அப்படி எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருமல் நின்றதா, தாராபுரத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, அத்தை சாப்பிடுகிறார்களா என்பதையெல்லாம் தினமும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் சொல்ல முடியாததைத்தான் இதில் எழுதுகிறேன்.

நிச்சயம் ஆகிக் கல்யாணம் வரைக்கும்கூட உங்களுக்கு நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தவர் நம் விசா லாயர். ஏர்போர்ட்டில் போனை வாங்கிப் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பில் உடம்பு, சாப்பாடு தவிர எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் நாம் இரண்டு பேரும் ரசம் வைத்தாயா, வைத்தேன், இட்லி மெத்தென்று வந்ததா, வந்தது என்று புதுச் சம்பந்திகள் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறோம். எதிர்வீட்டு சுந்தரராமன் அங்கிளும் அபயாம்பாள் ஆன்ட்டியும் மகள் வீட்டுக்கு வந்த ஆறு மாதம் முடிந்து கோயம்புத்தூர் கிளம்புகிறார்கள். அத்தைக்கு அனுப்பும் விட்டமின் மாத்திரை, பாதாம் பருப்புப் பையின் அடியில் இந்தக் கவர் இருக்கும். ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டிம்மா, இந்தக் காலத்துல லெட்டரா? அப்படி என்னடி ரகசியம்?" என்று கண்ணைச் சிமிட்டினார். காதல் கடிதம் என்று நினைத்துக்கொண்டார் போல. நினைத்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் லைப்ரரி கூட்டத்துக்குப் போனேன்.

நீங்கள் மாதம் தவறாமல் போவீர்களே, அதே கூட்டம்தான். பேராசிரியர்களும் பழைய தூதர்களும் மேடையில் உட்கார்ந்து, அமெரிக்கா உள்ளே என்ன செய்ய வேண்டும், வெளியே என்ன செய்ய வேண்டும் என்று பேசுவார்களே, அது. நீங்கள் வீட்டுக்கு வந்து, நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்றுகொண்டு வரி, வட்டி, தைவான் என்று அளந்ததில் பாதி என் காதில் விழுந்ததே இல்லை. "அவங்க நாட்டை அவங்க பாத்துக்குவாங்க, நீங்க இந்தக் குக்கர் மூடியைத் தொடைங்க" என்பேன். ஒவ்வொரு முறையும் காரில் போகும்போதே ஒரு கேள்வியைத் தயார் பண்ணிக்கொண்டு போவீர்கள். ஒரு முறையும் கேட்டதில்லை. ஏனுங்க என்றால், "விசாவில இருக்கறவன் கை தட்டலாம், கையைத் தூக்கக் கூடாது" என்று சிரிப்பீர்கள்.

இந்த மாதமும் உங்கள் பெயருக்கு மெயில் வந்தது. டியர் இனியன், உங்கள் இடம் உறுதி என்று. இந்த நாட்டில் உங்களுக்கு ஒரு இடம் உறுதி என்று யாரோ எழுதியிருக்கிறார்களே என்று பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நாற்காலி காலியாகக் கிடக்க வேண்டாம் என்றுதான் தீக்ஷாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் கடைசி வரிசையில் ஹோம்வொர்க்கோடு உட்கார்ந்துகொண்டாள். உங்கள் யாழ்ப்பாணத்து நண்பர் அரியரட்ணம் டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்கோ பிள்ளை, இதுதான் இனியன்ர இடம்" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

மேடையில் மூன்று பேர். ஒரு பொருளாதாரப் பேராசிரியர், முன்பு அரசாங்கத்தில் இருந்த ஒரு அம்மா, வெள்ளைத் தாடி வைத்த ஒரு முன்னாள் தூதர். முதல் பாதி உள்நாட்டுச் சவால்கள், நடுவில் காபி, இரண்டாம் பாதி வெளிநாட்டுச் சவால்கள் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நன்றாகத்தான் பேசினார்கள், குற்றம் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரி, வாடகை, ஸ்கூல் என்று பேசியதெல்லாம் நம் வீட்டுக் கதை மாதிரியே இருந்தது. யாரோ ஒருவர் எழுந்து விசாவைப் பற்றிக் கேட்டார். அது வெளியுறவு, காபிக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார் பேராசிரியர். காபிக்கு அப்புறம் அதே ஆள் மறுபடி கேட்டார். அது இந்த நாட்டுப் பார்லிமென்டான காங்கிரஸ் செய்ய வேண்டிய வேலை, உள்நாட்டு விவகாரம், அந்தப் பாதி முடிந்துவிட்டதே என்றார் தூதர். எல்லோரும் சிரித்தார்கள்.

எப்படிக் கையைத் தூக்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை. தூக்கிவிட்டு, ஐயோ என்று பாதியில் இறக்கப் பார்த்தேன். "கேளுங்கோ பிள்ளை, நான் பக்கத்தில நிக்கிறன்" என்று டாக்டர் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டார். லைப்ரரிப் பெண் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினாள்.

கூட்டத்தை நடத்தியவர், உங்கள் பெயர் என்ன, யாரோடு இருக்கிறீர்கள் என்று கேட்டார். எந்தக் கம்பெனி, எந்த யூனிவர்சிட்டி என்று அர்த்தமாம். எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன தினமும் கூட்டத்துக்கா போகிறேன்? என் பெயர் செல்வமணி, நான் என் வீட்டுக்காரரோடு இருக்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். ஹால் முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். அவர் இங்கே இல்லை என்று அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்புறம் கேட்டேன். என் வீட்டுக்காரர் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த ஊரில் வேலை செய்கிறார். வரி கட்டுகிறார். பனி பெய்தால் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளுகிறார். அப்பா இறந்துபோனார், கொள்ளி வைக்கப் போனார். திரும்பி வர பாஸ்போர்ட்டில் ஒரு விசா முத்திரை வேண்டும், அதற்கு இன்டர்வியூ நாள் கொடுக்கிறார்கள், மாற்றுகிறார்கள், மறுபடி மாற்றுகிறார்கள். நீங்கள் கூட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறீர்கள். அவர் எந்தப் பாதி?

இவ்வளவுதான் கேட்டேன். பேராசிரியர் தூதரைப் பார்த்தார். தூதர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தண்ணீர் குடித்தார். கடைசியில் தூதர்தான் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். விசா கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் தானும் இளவயதில் உட்கார்ந்திருந்ததாகவும், எதிரே நிற்பவரின் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை என்றும் சொன்னார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, என்னை மன்னியுங்கள் என்றார். லாயர் சொல்லாதது, உங்கள் மேனேஜர் சொல்லாதது. முன்பின் தெரியாத ஒரு மனுஷர் உங்களுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

காரில் வந்து உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன். தீக்ஷா முதுகைத் தடவிக்கொண்டே, "அம்மா, யூ வேர் சோ குட்" என்றாள். அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தோம். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வாய் பரபரத்தது. ரசம் வைத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுவாரம் கூட்டத்தின் வீடியோவை லைப்ரரிக்காரர்கள் இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார்கள். என் முகம், என் பெயர், நம் கதை எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பயந்துபோய் லாயருக்குப் போன் பண்ணினேன். தப்பு ஒன்றும் இல்லை, உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றார். மூச்சு விடுவதற்குள், ஆனால் மாசியில் இன்டர்வியூவை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு, எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். உரிமை இருக்கிறதாம், பயன்படுத்தக் கூடாதாம். அது என்ன உரிமையோ!

எடுக்கச் சொல்லிவிட்டேன். வேறு என்ன பண்ணுவேன், சொல்லுங்கள். மாசித் தேதியும் தள்ளிப்போனால் வேலையைப் பிடித்து வைக்க முடியாது என்று மேனேஜர் எழுதிவிட்டார். உங்கள் விசாவின் வால்தானே என் விசா. நீங்கள் வர முடியாவிட்டால் நானும் இருக்க முடியாது. இங்கே பிறந்த ஒரே காரணத்தால் தீக்ஷா ஒருத்திதான் இருக்கலாம். அவளைத் தனியாக விட்டுவிட்டு வருவேனா, ஸ்கூலை முடிக்காமல் பிடுங்கிக்கொண்டு வருவேனா? லைப்ரரிப் பெண் போன் பண்ணி, இந்த வருஷத்தில் வந்த நல்ல கேள்வி அது, நிஜமாகவே எடுக்கட்டுமா என்று கேட்டாள். எடுத்துவிடுங்கள் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

தீக்ஷாவுக்குத்தான் புரியவில்லை. அப்பா ஒருநாளும் கேட்டதில்லை, நீ ஒருநாள் கேட்டாய், இப்போது நீயும் கேட்கவில்லை என்று ஆகிவிட்டது என்று இங்கிலீஷில் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கையைத் தூக்கப் பயப்படாத பிள்ளை. அவளுக்கும் நம் பயம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். அதே வாயால், போனில் எதையும் போட்டுத் தொலைக்காதேடி என்று அவளைக் கெஞ்சுகிறேன்.

வெட்டின வீடியோவை ஒரே ஒரு முறை பார்த்தேன். நீங்கள் அங்கிருந்து தேடிப் பார்க்க வேண்டாம், வந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம். என் கேள்வியைத்தான் எடுத்திருக்கிறார்கள், பதிலை எடுக்கவில்லை. சீனாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், திடீரென்று அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, என்னிடம் பதில் இல்லை, மன்னியுங்கள் என்கிறார். யாரிடம், எதற்கு என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவர் பார்க்கிற இடத்தில் நான்தான் நிற்கிறேன். அது உங்கள் நாற்காலி.

என்ன கேட்டேன் என்று இப்போது இந்தக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. லாயரைக் கேட்டால் கிழித்துப் போடச் சொல்வார். கிழிக்காதீர்கள். அத்தையின் பீரோவில், மாமாவின் வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வாருங்கள்.

மாமா காரியத்துக்கு நீங்கள் போனதைப் பற்றி ஒரு வார்த்தை. போனில் நீங்கள் அடிக்கடி, வந்திருக்கக் கூடாதோ என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறீர்கள். லாயர் அன்றைக்கே தடுத்தார், நான்தான் போங்க என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் போங்க என்றுதான் சொல்வேன். ஒரே மகன். நீங்கள் போகாமல் வேறு யார் போவது? மறுபடி அப்படி ஆரம்பித்தீர்கள் என்றால் போனை வைத்துவிடுவேன்.

மற்றபடி, முந்தாநாள் நல்ல பனி. நான் எழுந்து பார்ப்பதற்குள் அரியரட்ணம் டாக்டர் அந்த வயதில் வந்து நம் வாசலைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். வீடியோவை எடுக்கச் சொன்னது அவருக்குத் தெரியும். தீக்ஷா நேற்று சாப்பிட உட்கார்ந்தாள், கோபம் பாதி இறங்கியிருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கும் உங்கள் பெயருக்கு மெயில் வந்துவிட்டது. வரவில்லை என்று பதில் போட எனக்குக் கை வரவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இன்டர்வியூவில் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் யாரோடு இருக்கிறீர்கள் என்று கேட்டால், கம்பெனி பெயரைச் சொல்லுங்கள். என்னை மாதிரி உளறிவைக்காதீர்கள். என் பெயர் வேண்டாம், தீக்ஷா பெயரும் வேண்டாம். அழுகை வந்தாலும் கம்பெனி பெயரையே சொல்லுங்கள். நாங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம். வந்து சேர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்களோடு இருக்கும்
செல்வமணி