மஞ்சளாய்த் தெளிந்த ரத்தம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உன் மனைவியும் நலம் என்று இன்று தைரியமாக எழுத முடிகிறது. நேற்று போனில், குழாயெல்லாம் எடுத்துட்டாங்கடா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கப்பலில் நீ என்ன தவித்தாயோ! அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

நிமோனியாவில் அவள் நுரையீரல் கைவிட்டதும் செயற்கை நுரையீரலில் வைத்தார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின் அது. சோதனைக்கு அவள் ரத்தம் என் ஆய்வுக்கூடத்துக்குத்தான் வரும். ஒன்பதாம் நாள் பத்து மணிக்கு வந்ததில் சிவப்பணுக்கள் ஏராளமாக உடைந்திருந்தன. மெஷின்தான் உடைக்கிறது, உடனே மாற்ற வேண்டும் என்றார் பெரிய டாக்டர். மாற்றும் ஓரிரு நிமிடம் அவளுக்கு மெஷின் துணை இருக்காது. தாங்குவாளா என்று கேட்டேன். அவர் புது மெஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு உறுத்தியது. ஆறு மணிக்கு வந்த ரத்தம் நன்றாகத்தானே இருந்தது? ஓடிப்போய் நர்ஸிடம் விசாரித்தேன். வழக்கமான குழாய் அடைத்துக்கொண்டதால், கையில் மெல்லிய ஊசி குத்தி வேகமாக இழுத்தேன் என்றாள். அந்த இழுப்பிலேயே அணுக்கள் உடையுமே! பத்து நிமிஷம் குடுங்க டாக்டர், நானே எடுக்கறேன் என்று கெஞ்சினேன். புது மெஷின் கட்டிலருகே தயாராக நின்றது.

அடைப்பை நீக்கி, ரத்தத்தை நிதானமாக எடுத்து, அணுக்கள் அடியில் படிவதற்காகச் சுழலும் கருவியில் வைத்தேன். அது சுழன்று நிற்கும்வரை எனக்கு உயிரில்லை. முந்தைய சோதனைக் குழாயில் மேலே நின்ற நீர், உடைந்த அணுக்களால் சிவந்து கிடந்தது. இதில் மஞ்சளாய், பளிச்சென்று! முட்டிவலியை மறந்து மாடிப்படி ஏறி ஓடினேன். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெஷினை மாத்த வேணாம் என்றார். நாத்தனார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குற்றம் தேடுவாள் என்று உன் மனைவி ஊரெல்லாம் சொன்னாளே, உண்மைதான்! அதன்பிறகு அவள் நுரையீரல் தேறத் தேற, மெஷினின் உதவியை நாளுக்கு நாள் குறைத்து, நேற்று எடுத்தேவிட்டார்கள்.

இரண்டு வருஷமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசாதது உனக்குத் தெரியும். இன்று காலை போய் நின்றேன். தானாக மூச்சு விட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். கரகரத்த குரலில், அண்ணி, சாப்டீங்களா என்று கேட்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேனடா.

நீ வரும்வரை அவள் என் வீட்டில் இருக்கட்டும். எனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, நீயே சொல். நான் கேட்டதாகச் சொல்லாதே. இல்லை, நான்தான் கேட்டேன் என்றே சொல்.

இருவரும் நூறாண்டு சேர்ந்து வாழுங்கள்.

உன் அக்கா