தயாராகாத சென்சார்

மார்ச் 3, துலாரி நகர்

அப்பாவின் கார் புகைச் சோதனையில் தேறவில்லை. புகையில் குறை இல்லையாம். ஆக்ஸிஜன் சென்சார் இன்னும் ‘தயாராகவில்லை’யாம். சோதனை நிலையத்து மெல்வின் அப்பாவையும் வைத்துக்கொண்டே சொன்னான்: “புது பேட்டரி மாட்டினீங்கல்ல சார்? பேட்டரியைக் கழட்டினா வண்டி படிச்சதெல்லாம் மறந்துடும். நாலு நாள் நெடுஞ்சாலையில பிரேக் தொடாம, ஒரே வேகத்துல ஓட்டிட்டு வாங்க.”

மெல்வினைச் சிபாரிசு செய்தவன் தம்பி ஆர்லிந்தோ. அவனுக்கு இந்தக் காரின் மேல் ஒரு கண்.

காரை விற்பவன்தான் புகைச் சான்றிதழ் தர வேண்டும். விற்காதவரை அப்பா ஓட்டுவார். வயது எண்பத்து நாலு. போன மாதம் பால் பண்ணை வேலியில் மோதினார். அடுத்து யார் மேலோ?

மார்ச் 7

ஓட்டினேன். மெல்வின் கருவியைச் செருகினான். எல்லாம் அழிந்திருக்கிறது. காரின் கடிகாரம்கூட பன்னிரண்டில் நிற்கிறது — நேற்று சரியாக ஓடியது. கல்லூரியில் என் பதவியைப் பறித்தவர்களும் இப்படித்தான், சிரித்துக்கொண்டே.

மார்ச் 8

பேட்டரியைக் கழட்டியது நீயா என்று ஆர்லிந்தோவிடம் போனில் கேட்டேன். “எனக்கு வேற பொழப்பு இல்லையாண்ணே? நீ உன் நிழலையே சந்தேகப்படற ஆளு.” வைத்துவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு.

மார்ச் 9

மதியமே வீடு வந்தேன். பானெட் திறந்திருந்தது. அப்பா, கையில் ஸ்பேனர்.

“என்னப்பா பண்றீங்க?”

“பாத்தா தெரியல? பெரிய படிப்பு படிச்சவன்.”

“மெல்வின் சொன்னதைக் கேட்டுட்டுத்தானே?”

“கண்ணுதானே போச்சுன்னு சொல்றீங்க. காது இருக்கே.” பிறகு, “பிரேக் தொடாம ஓட்டத் தெரியுமாடா உனக்கு? ரோட்டுல போறவன் எல்லாரோடயும் சண்டை. நான் ஓட்டறேன், பந்தயம். என் கையில சென்சார் தயாரானா, வண்டியை விக்கப்படாது.”

இதிலும் ஏதாவது சூழ்ச்சி இருக்குமோ? தெரியவில்லை. சரி என்றுவிட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

காலி நெடுஞ்சாலை. அவர் ஓட்ட, நான் சொந்தமாக வாங்கிய சோதனைக் கருவியைப் பார்த்தபடி; ஒரு கை ஹேண்ட்பிரேக்கில். வேகமுள் அசையவேயில்லை. ‘தயார்’ என்று வந்தது. நம்பாமல் மறுபடி பார்த்தேன். தயார்தான்.

“ஜெயிச்சிட்டீங்க.”

திரும்பும்போது எங்கள் தெருவைத் தாண்டினார். சொன்னேன். “தெரியும்.” அடுத்ததில் திரும்பினார், அதற்கடுத்ததில் திரும்பினார். ஓரமாக நிறுத்தினார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“நம்ம வீடு எந்தப் பக்கம்டா?”

மார்ச் 14

தேறிவிட்டது. வாங்கியவர் வந்து எடுத்துப் போனார். சாவியைக் கொடுத்தது அப்பா. பந்தயத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

சாயங்காலம் என் காரில் கூட்டிப்போனேன். வழி நெடுக ஒவ்வொரு தெருவின் பெயரையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி தப்பு. நான் திருத்தவில்லை.