பொன்னுக்கு வீங்கி வந்த மாதம்

கிழக்குத் தாம்பரம்,
ஜூலை 14, ஞாயிறு.

அன்பு மகள் யூனிஸுக்கு,

ஆராதனை முடிந்து வந்ததும் எழுதுகிறேன். உன்னையும் பிள்ளைகளையும் கர்த்தர் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் சாலையைத் தோண்டிப் போட்டிருப்பதால் ஆட்டோக்காரர் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் புத்தக வெளியீட்டு விழாவில் நீ வீடியோவில் பேசியபோது பெரிய திரையில் உன் முகம் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறாய். அட்டையில் ‘சந்திரனில் ஒரு லெவல் கிராசிங்’, அதன் கீழே அப்பாவின் பெயர், சுந்தர்சிங். தமிழ் விஞ்ஞானக் கதைகளின் வரலாற்றில் விடுபட்டுப்போன முன்னோடி என்று பேசிய எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஹெப்சி என் காதருகே குனிந்து, “என்னா டீச்சர், சார் இவ்ளோ பெரிய ரைட்டரு, ஒரு வார்த்தை சொல்லாம அமுக்கமா இருந்துட்டீங்களே” என்றாள். சிரித்து வைத்தேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். மறந்துவிட்டது என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது.

ஆசிரியைகள் பத்திரிகைக்குக் கதை எழுதக் கூடாது என்பது எங்கள் கான்வென்ட்டில் மதரின் கட்டளை. என் கையெழுத்தோ அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் நான் எழுதுவேன். அப்பா தன் கையால் படியெடுத்துத் தன் பெயரில் அனுப்புவார். பதினொரு கதைகளும் அப்படித்தான் போயின. வருட முடிவில் விடைத்தாள்களை எரித்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு தாள் விடாமல் எரித்தேன்.

தொகுப்பாசிரியர் ஸ்டெபின் மூன்று வருடத்துக்கு முன்பு அப்பாவைப் பேட்டி எடுக்க வந்தார். இன்றைக்காவது சொல்லிவிடுவார் என்று நினைத்து, நான் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னது இப்போது முன்னுரையில் இருக்கிறது. தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றபோது முதல் கதை தனக்குத் தோன்றியதாம். ஐம்பத்தாறு வருடம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதர். இனி அவரிடம் கேட்க முடியாது.

ஆனால் நீ?

ஏழு வயதில் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது, கதையில் வரும் கேட்கீப்பர் இயந்திரம் சாகக் கூடாது என்று நீ அழுததையும், அதற்காகக் கதையின் முடிவு மாறியதையும் திரையில் அழகாகச் சொன்னாய். எல்லாம் உண்மை. மாற்றியது அப்பா என்றாய். அந்த மாதம் முழுவதும் அப்பா ரயில்வே பயிற்சிக்காகப் புனேயில் இருந்தார். உன் கன்னத்தில் பற்றுப் போட்டது யார், யூனிஸ்?

விழா நடந்த அன்று மாலை போனில் நான் கேட்டதற்கு, “அப்பா போயிட்டார்மா, இப்பப் போய் இதைக் கிளறணுமா? அவர் பேர் வந்தா என்ன, உன் பேர் வந்தா என்ன, எல்லாம் வீட்டுக்குள்ளதானே” என்று சொன்னாய். ஒருத்தியின் கட்டுரையை இன்னொருத்தி தன் பெயரில் கொடுத்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். நீயும் என் வகுப்பில் உட்கார்ந்தவள்தான்.

நேற்று ஸ்டெபினிடம் நானே சொல்லிவிட்டேன். மரியாதையான மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, “பிரதி எல்லாம் சார் கையெழுத்துல இருக்கே மேடம். யூனிஸ் அக்கா ஒரு வரி எழுதினாப் போதும், பேரை மாத்திடறேன்” என்றார். இரண்டாம் பதிப்பு முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது.

அப்பாவைக் குறை சொல்லி எதுவும் எழுத வேண்டாம். அந்த மாதம் உன் கட்டிலருகே யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுது. நான் முடித்துவிட்ட கதையை யார் சொல்லியும் திருத்தியதில்லை. நீ அழுதாய் என்பதற்காக அந்த ஒரு முடிவை மாற்றினேன்.

கர்த்தர் உன் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. அவர்கள் ஒருநாளும் உனக்கு இப்படிச் செய்யாதிருப்பார்களாக.

உன் அம்மா,
மேபல்.