மோல்மீனில் நீங்கள் மண்டியிட்ட நாள்

அத்தை,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் அழகுபடுத்த மாட்டேன். யாருக்காகவும் எதையும் மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் கட்டுரையைத்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார்கள். ஆனால் அங்கே மரம் நடுவதைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் எழுதச் சொல்வார்கள். உங்களைப் பற்றி எழுத யாரும் சொன்னதில்லை.

கூடத்தில் பம்ப்ளிமாஸ் உரிக்கிறார்கள். தடித்த பச்சைத் தோலைக் கீறியதும் எழுகிற அந்த வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டது. மோல்மீன் பழம். அந்த வாசனைக்கு எல்லோருக்கும் நாக்கு ஊறும். நான் கதவிடுக்கில் துணியைத் திணித்துவிட்டு எழுதுகிறேன்.

போன வருடமும் இதே தடிஞ்சுட் விளக்குப் பண்டிகைதான். விடுமுறை வார இறுதியோடு சேர்ந்து நீளமாக வந்தது. லைங் தாயாவிலிருந்து தையல் ஃபேக்டரி பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கி, சட்டையில் ஒட்டியிருந்த நூல்களைப் பிய்த்துக்கொண்டே ரங்கூன் பசுந்தாங்கில் நம் வீட்டுப் படியேறி வந்தீர்கள். "எல்லாரும் மோல்மீன் போயிட்டு வருவோம்" என்றார் அப்பா. "என்னையுமா அண்ணா?" என்று கேட்டீர்கள். அம்மா சிரித்தார். "உனக்காகத்தான் இந்த டூரே."

அம்மா அன்று பொய் சொல்லவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மோல்மீனில் பார்க்க வேண்டியதையெல்லாம் போனில் தேடித் தேடி எனக்குப் படித்துக் காட்டினீர்கள். குன்றின் மேல் வரிசையாகப் பகோடாக்கள், வெள்ளைக்காரன் கட்டிய பழைய தேவாலயம், ஆற்றங்கரைச் சாலை. சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்றபோதும் பேசிக்கொண்டே இருந்தீர்கள். விடுமுறை முடிந்து போனதும் உங்களுக்கு லைன் லீடர் வேலை. காலர் தைக்கும் வரிசை முழுவதும் உங்கள் பொறுப்பு. "இனி அந்தச் சூப்பர்வைசர் கத்துனா நானும் திருப்பிக் கத்தலாம்டி" என்றீர்கள்.

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பினார். "இந்த வயசுல ஊர்ல அவளவ பேரப்புள்ளைக்குப் பேர் தேடுறா. இவ காலருக்கு லீடராம்."

அதற்கும் நீங்கள் சிரித்தீர்கள். உங்களை யார் குத்தினாலும் முதலில் சிரிப்பது நீங்கள்தான்.

மறுநாள் குன்றின் மேல் நின்றோம். கீழே ஆறு பால் குறைந்த தேநீர் நிறத்தில் அகன்று கிடந்தது. துருப்பிடித்த தகரக் கூரைகளும், வண்ணக் கண்ணாடி வைத்த மர வீடுகளும் மரங்களுக்குள் பாதி மறைந்திருந்தன. தனக்கா மரக்குழம்பு பூசிய கன்னத்தோடு, புது டமைன் கைலியின் மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் படம் எடுத்தேன். "அமலே, அம்மாடி! என்ன ஊரு இது! இங்கேயே இருந்துடலாம்போல இருக்கு" என்றீர்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் அதைக் கவனித்தேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் அம்மா ஒரு பழக்கூடையை உங்கள் கையில் கொடுத்தார். "அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போறோம். பண்டிகை நாளு. கூடையை வெச்சு கடோ பண்ணிடு. ரங்கூன்காரிக்கு மரியாதை தெரியலன்னு சொல்லிடக் கூடாது."

கடோ நமக்குப் புதிதா? பர்மியர்களோடு பிறந்து வளர்ந்தவர்கள் நாம். தடிஞ்சுட் வந்தால் டீச்சர், மாடிவீட்டுப் பெரியவர், ஃபேக்டரி மேனேஜர் எல்லோருக்கும் முன்னால் மண்டியிட்டு மூன்று முறை தரையைத் தொட்டுக் கும்பிடுவோம். அவர்கள் வாழ்த்துவார்கள். எழுந்து வந்துவிடுவோம்.

அந்தப் பெரியம்மா பிரம்பு நாற்காலியில் வீங்கிய கால்களை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன். டயர் கடைக்காரர், மனைவியை இழந்தவர் என்று அப்பா சொன்னார். எங்களுக்குக் காபி வந்தது.

"புள்ளைக்குத் தமிழ் வருமா, இல்ல பர்மாக்காரியாவே ஆயிட்டாளா?" என்றார் பெரியம்மா.

"வரும்மா. அங்கங்க ஓட்டை விழுந்த தமிழ்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

"இடுப்புல பலம் இருக்கா?"

"துணி மூட்டையெல்லாம் தூக்குறேனே."

"அது போதும்" என்றார் அவர்.

நீங்கள் கூடையை வைத்தீர்கள். டமைனை ஒதுக்கி மண்டியிட்டீர்கள். மூன்றாவது முறை உங்கள் நெற்றி தரையைத் தொட்டபோது உள்ளேயிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். "கேக்காமலே மாமியார் கால்ல விழுந்துட்டா! சம்மதம் சொல்லிட்டா!" என்று ஒரு குரல். தட்டு வந்தது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பட்டுப் புடவை, குங்குமம் வைத்த தேங்காய். அந்தக் குங்குமம் நன்றாகக் காய்ந்திருந்தது, அத்தை. காலையிலேயே வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். வாழ்த்துக்காகக் காத்திருந்தீர்கள். பெரியம்மா உங்கள் தலையில் பூவை வைத்து அழுத்தினார். அப்பா தட்டை வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் உங்கள் முகம் மாறியது.

லாட்ஜில் நீங்கள் கத்தவில்லை. "அண்ணா, நான் கடோதானே பண்ணேன்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்.

"உன் கழுத்தைப் புடிச்சு யாராச்சும் அமுக்குனோமா?" என்றார் அம்மா. "நீயா விழுந்தே. நாலு பேரு பாத்தாங்க."

"சபையில விழுந்துட்டு இப்ப மாட்டேன்னா என் மூஞ்சியை எங்க கொண்டு வெச்சிக்கிறது?" என்றார் அப்பா.

"எனக்கு வேலை இருக்குண்ணா."

"அங்கயும் வேலை இருக்கு" என்ற அம்மா, என்னைக் கண்ணால் காட்டினார். "இவ அடுத்த வருஷம் மெட்ரிக் படிக்கப்போறா. தனி ரூம் வேணும். எத்தனை நாள் உன்கூட ஒரே பாயில படுத்துப் படிப்பா?"

நான் ரூம் கேட்கவில்லை. அதையும் உண்மையாகவே எழுதுகிறேன். "எனக்கு வேண்டாம்" என்று சொன்னேன். "பெரியவங்க பேசும்போது வாயை மூடு" என்றார் அப்பா.

திரும்பி வரும் பஸ்ஸில் உங்கள் போனை வாங்கி அப்பாவே ஃபேக்டரிக்குப் பேசினார். "தங்கச்சிக்குக் கல்யாணம். இனி வர மாட்டா. ஆமாம், அவளுக்கும் சந்தோஷம்தான்." போனைத் திருப்பி உங்கள் மடியில் வைத்தார். நீங்கள் சிரிப்பீர்கள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. வெகுதூரம் போன பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள்: "மரியாதைன்னு நெனச்சேன்டி."

கல்யாணம் மோல்மீன் கோயிலில் நடந்தது. அதன் பிறகு அந்தக் கிழவியைத் தூக்கி உட்காரவைப்பதும் கால் கழுவுவதும் உங்கள் வேலை. போனில் கேட்டால், "நல்லாருக்கேன், நீ படி" என்பீர்கள். பின்னால் அந்த அம்மா உங்களைக் கூப்பிட அடிக்கும் மணிச்சத்தம் கேட்கும். உடனே வைத்துவிடுவீர்கள். மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கிழவியைத் தனியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது என்று நாட்களைத் தள்ளினார்களாம். தள்ளித் தள்ளி எல்லாம் முடிந்துபோனது. செய்தி வந்த அன்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொடுத்து வெச்சவ, சுமங்கலியா போயிட்டா" என்றார். அதைவிடக் கொடுமையான ஒரு வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இன்று பழம் கொண்டுவந்திருப்பவர்கள் அந்தக் கிழவியும் மகனும்தான். காலுக்கு வைத்தியம் பார்க்க ரங்கூன் வந்தவர்கள், பண்டிகைக்கு இங்கே வந்துவிட்டார்கள். கிழவி நம் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து, "உங்க பக்கம் வேற பொண்ணு இருந்தா சொல்லும்மா. பையன் தனியாக் கஷ்டப்படுறான்" என்றார். அம்மா யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "பாப்போம், அடுத்த லீவுக்கு மோல்மீன் கூட்டிட்டு வரேன்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "வா, வந்து இந்தப் பெரியம்மாவுக்குக் கடோ பண்ணு."

நான் நின்றேன். "அத்தை எதுக்கு விழுந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கிழவியிடமே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சுளையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "தெரியாமலா? சொன்னா விழ மாட்டா, சொல்லாம கூட்டிட்டு வான்னு உங்கம்மாகிட்ட சொன்னதே நான்தானே."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினார். விரல்கள் பதியும்படி அழுத்தினார், அத்தை. என் முழங்கால் மடங்கவில்லை. "புத்தகம் படிச்சுத் திமிரு ஏறிப்போச்சு" என்று சொல்லி என்னை இந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். நீங்கள் போனதால் எனக்குக் கிடைத்த அறை இது. நான் எழுதும் மேஜை நீங்கள் பாய் விரிக்கும் இடத்தில் இருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் நான் எங்கே போவேன், என்ன ஆவேன் என்று தெரியாது. அடுத்து அவர்கள் கூட்டிப்போகப்போகிற பெண் யாரென்று மட்டும் கண்டுபிடித்துவிடுவேன். பஸ் ஏறும் முன்னால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வேலைதான்.

இன்னும் எழுத இருக்கிறது. பால்கனி மெழுகுவர்த்தி வரிசை விருந்தாளிகளுக்கு அழகாகத் தெரிய வேண்டுமாம். இந்த அறை லைட்டையும் சேர்த்து வீட்டு லைட்டையெல்லாம் அணைத்துவிட்டார்கள்.