மச்சாளின் நீலக்குடை

ஜூன் 21
இன்றும் மகள் லவீனாவை ஆசுபத்திரிக்கு மருந்து கட்டக் கூட்டிக்கொண்டு போனது என் கணவர் எமில்ராஜின் அக்கா பெர்னடெட் மச்சாள்தான். சுடுதண்ணீர் பட்ட காலில் ஒட்டிய துணியைத் தாதி உரிக்கும்போது பிள்ளை கத்துகிற கத்தலை என்னால் தாங்க முடியாது. மச்சாள் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நான் வீட்டில் ஐஸ்கிறீமோடு காத்திருப்பேன். வந்ததும் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நல்ல ஏற்பாடு.

ஜூன் 27
இன்று மருந்து கட்டும் நாள் இல்லை. மச்சாள் சும்மாதான் வந்தார், இறால் வடையோடு. ஒழுங்கை முனையில் அவருடைய நீலக்குடையைக் கண்டதுமே லவீனா கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். மச்சாள் குனிந்து கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு வடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 30, ஞாயிறு
கோயிலில் பூசை முடிந்து மச்சாள் கையை நீட்டினார். என் கை தானாகவே பிள்ளையை இறுக்கியது. லவீனா முதலில் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். என் முகத்தில் அவள் என்ன கண்டாள்?

எழுதத்தான் வேண்டும். எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. நான் வேலைக்குப் போன நாட்களில் மச்சாளின் தோளில்தான் தூங்குவாள். என்னிடம் தந்தால் சிணுங்குவாள். இப்போது என்னைவிட்டால் ஆளில்லை. சீ. என்ன மனிசி நான்?

ஜூலை 2
இந்த வீட்டில் மூன்று வயது ஆகும்வரை புனித யாகப்பர் கோயில் திருநாள் பவனியில் பிள்ளையைத் தூக்கிப் போவது, ஞானஸ்நானத்தில் அதை ஏந்திய ஞானத்தாய்தான். லவீனாவின் ஞானத்தாய் மச்சாள். இந்த வருஷத்தோடு அவளுக்கு மூன்று முடிகிறது. சோற்றைப் பிசைந்தபடி எமில்ராஜ் சொன்னார்: "அக்கா சொன்னவ, பிள்ளையை உம்மையே தூக்கட்டாம். பிள்ளை தன்னைக் கண்டு பயப்பிடுதாம். திருநாளுக்கு முன்னம் பருத்தித்துறையிலை சின்னம்மாவோடை போய் இருக்கப் போறாவாம்."

பிள்ளைக்கு அந்தப் பயத்தைப் பழக்கினது ஆர்? நான்தானே.

ஜூலை 3
மச்சாளிடம் போனேன். முழுவதையும் சொல்லத் துணிவு வரவில்லை.

"மருந்து கட்ட இனி நான் கொண்டு போறன். நீங்கள் வீட்டிலை ஐஸ்கிறீமோடை இருங்கோ. திருநாள் மட்டுமாவது நில்லுங்கோ, மச்சாள்."

"உமக்குப் பாக்கேலாதே, றொசாந்தி."

"பாக்கப் பழகிறன்."

கடைசியில் "ஓம், நிக்கிறன்" என்றார்.

ஜூலை 5
மருந்து கட்டும்போது நானே பிடித்தேன். கத்தினாள், உதைத்தாள், என் கையைக் கடித்தாள். வீட்டுக்கு வந்ததும் மச்சாள் கடித்த இடத்தில் எண்ணெய் தடவிவிட்டார். அப்போதுதான் கண்டேன், அவருடைய மணிக்கட்டிலும் பல் பட்டு ஆறிய தழும்பு. ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூலை 9
ஐஸ்கிறீமை மச்சாளின் கையால் வாங்கினாள். ஆனால் கதவருகில் நின்றுதான்.

ஜூலை 14
மருந்து கட்டப் போகும்போது கொண்டுபோகிற கைப்பையை நான் எடுத்தாலே அழுகிறாள். கடைக்குப் போக எடுத்தாலும்தான். அழுதுகொண்டு மச்சாளிடம் ஓடுகிறாள். வயிறு எரிகிறது — நானே கேட்டு வாங்கினது, பேசாமல் இரடி.

ஜூலை 18
கால் ஆறிவிட்டது. இனி வரத் தேவையில்லை என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். கட்டு இல்லாத காலோடு என்னைத் தாண்டி மச்சாளிடம் ஓடினாள்.

ஜூலை 25
பவனி. லவீனா மச்சாளின் இடுப்பில் இருந்தாள், மடக்கிய நீலக்குடையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. மச்சாள் புதுச்சேலை உடுத்தியிருந்தார். கோயில் வாசலில் நான் கிட்டப் போனேன். கையில் அந்தப் பை. பிள்ளையின் உதடு பிதுங்கியது. திரும்பி மச்சாளின் முகத்தைப் பார்த்தாள்.

மச்சாள் அவளை இறுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா வாறா பார்" என்றார்.

லவீனா கொஞ்சநேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கையைக் குடையிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள்.